அசையும் பொருள், அசையாப் பொருள்

சேலையும் நகையும் பத்திரமும் வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரியை நாம் பீரோ என்கிறோம். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். எங்கள் வகுப்பில் 'ப்யூரோ' என்றால் ஆசிரியர் எழுதும் மேசை. அலுவலகத்துக்கும் அதே சொல்தான். பள்ளியில் மேசையாக இருந்தது வீட்டுக்கு வந்தால் அலமாரியாகிவிடுகிறதே என்று சிறுவயதில் எனக்கு ஆச்சரியம். பிற்பாடு அகராதியைப் புரட்டியபோது இன்னும் வேடிக்கையாக இருந்தது. அந்தச் சொல் முதலில் ஒரு முரட்டுக் கம்பளித் துணிக்குப் பெயர். எழுதும் பலகைமேல் அந்தத் துணியை விரித்தார்கள். துணியின் பெயர் மேசைக்குப் போயிற்று. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கும், பிறகு அலுவலகத்துக்கும் போயிற்று. இழுப்பறை வைத்த மேசை ஆங்கிலேயர் வழியாக நம் ஊருக்கு வந்து, நிமிர்ந்து நின்று, கதவும் பூட்டும் போட்டுக்கொண்டு பீரோ ஆகிவிட்டது.

மற்ற சாமான்களின் பெயர்களும் இப்படித்தான். மேசை, அலமாரி, சன்னல், சாவி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொற்கள். தஞ்சைப் பக்கத்து வீடுகளில் 'காமரா உள்' என்று ஓர் அறை இருக்குமே, அந்தக் காமராவும் அவர்களுடையதுதான். நாகப்பட்டினத்தில் அவர்கள் இருந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். டச்சுக்காரர்கள் நமக்குத் தந்த சொல் கக்கூஸ். ஆளுக்கொரு அறை என்று பங்கு வைத்த மாதிரி!

இப்போது வீட்டுச் சாமான்களை எங்கே எப்படிப் போடுவது என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். சுவருக்கு என்ன நிறம், சோபா எந்தத் திசை, திரைச்சீலை எவ்வளவு நீளம் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். கடைசியில் நானும் நாலு யோசனை சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால், நம் காவிரிப் பக்கத்து வீடுகளில் எந்தப் பொருள் எங்கே இருந்தது, ஏன் அங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது என்ற கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சட்டப் புத்தகத்தில் பத்தாயம்

பிரெஞ்சில் வீட்டுச் சாமானுக்கு 'மெப்ள்' என்று பெயர். அசையக்கூடியது என்று அர்த்தம். 'இம்மெப்ள்' என்றால் அசையாதது. நிலம், வீடு முதலியவை. 1804-ல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டத் தொகுப்பு, உலகத்துச் சொத்து எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான் என்று தீர்த்துச் சொல்கிறது. கட்டில், இருக்கை, கண்ணாடி, கடிகாரம், மேசை, பீங்கான் எல்லாம் அறையை அலங்கரிக்கும் அசையும் பொருள்கள் என்று பட்டியலும் போடுகிறது.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். தஞ்சாவூர் மன்னரிடமிருந்து அவர்கள் பெற்றது. 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படி முழுமையாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆகவே நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்திலும் பிரெஞ்சில் எழுதிய பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தன. பிரெஞ்சு தெரிந்தவன் என்று அவற்றை என் மேசைக்குத்தான் தள்ளுவார்கள். இறந்தவர் வீட்டுச் சாமான்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். சங்கிலியோடு ஊஞ்சல் ஒன்று, தேக்குக் கட்டில் ஒன்று, பித்தளை அண்டா இரண்டு, நிலைக்கண்ணாடி ஒன்று. இவ்வளவும் அசையும் பொருள். சந்தேகமில்லை.

பத்தாயம் வரும்போதுதான் எனக்கு யோசனை ஓடும். அந்தச் சட்டத்தில் 524-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. நிலத்தின் வேலைக்காக உரிமையாளர் வைத்த பொருள்கள், அசையக்கூடியவையாக இருந்தாலும், நிலத்தோடு சேர்ந்த அசையாப் பொருளாகவே கருதப்படும் என்பது அதன் சாரம். உழவு மாடு, கலப்பை, குத்தகைக்காரனுக்குக் கொடுத்த விதை, வைக்கோல், எரு, தேன்கூடு, குளத்து மீன் வரை எழுதியிருக்கிறார்கள். நெல் பத்தாயம் பாரிஸ் வக்கீல்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் அதையும் அங்கே சேர்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். நம் பக்கத்து வீட்டில் எல்லாம் நகரும், பத்தாயம் மட்டும் நகராது. அதை நகர்த்த வேண்டுமென்றால் வீட்டின் வாழ்க்கையையே நகர்த்த வேண்டும்.

நெல்லுக்குக் கட்டிய வீடு

இளைய வாசகர்கள் சிலர் பத்தாயத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கனமான மரப்பலகைகளால் செய்த பெரிய பெட்டி. அடுக்கடுக்காகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருப்பார்கள். பலா, மா, வேம்பு, வசதியுள்ளவர்கள் வீட்டில் தேக்கு. தரையின் ஈரமும் எலியும் அண்டாமல் கால் வைத்தோ, செங்கல் மேடை கட்டியோ நிறுத்துவார்கள். மேலே ஏறி நெல்லைக் கொட்ட வேண்டும். கீழே ஒரு சின்னத் துவாரம், அதற்கு ஒரு பலகை மூடி. மூடியைத் தூக்கினால் நெல் தானாக வந்து கொட்டும். அடியில் தங்கிய நெல்லைக் கூட்டி அள்ள எங்களைப் போன்ற பொடியன்களை மேல்வழியாக உள்ளே இறக்கிவிடுவார்கள். உள்ளே இருட்டும் நெல்லின் சூடும் தூசியும் சேர்ந்து தும்மல் வரும். காய்வெட்டாக வெட்டிய வாழைத்தாரும் மாங்காயும் அந்தச் சூட்டில்தான் பழுத்தன.

ஒரு கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். இரண்டு கலம் ஒரு மூட்டை. இன்றைய எடைக்கு ஒரு மூட்டை சுமார் 60 கிலோ. நடுத்தரக் குடும்பத்துப் பத்தாயம்கூடப் பல பத்து கலம் கொள்ளும். அதற்கும் வசதியில்லாத வீட்டில் மண் உறைகளை அடுக்கிய குதிர். பெரிய பண்ணைகளில் வைக்கோல் பிரி சுற்றி வெளியிலேயே சேர் கட்டினார்கள். கோயில்களுக்கு நெல் இன்னும் அதிகம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 3000 கலம் கொள்ளும் என்பார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். வீட்டுப் பத்தாயம் அதற்குத் தம்பி.

இப்படி நெல் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டதால், மனிதர்கள் மீதி இடத்தில் தங்களைப் பொருத்திக்கொண்டார்கள். வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, அப்புறம் கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையலறை, கிணறு, கொல்லை, மாட்டுக் கொட்டில். வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும். வண்டியிலிருந்து இறக்கிய மூட்டை தலைச்சுமையாக நேராக உள்ளே போக வேண்டும். அந்த வழியில் யாரும் எதையும் போட மாட்டார்கள். மூட்டை போகும் வழியிலேயே காற்றும் போயிற்று. முற்றத்தின் வழியாக வெப்பம் மேலே ஏற, வாசல் காற்று உள்ளே இழுக்கப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றம் நிறைந்தால் தூம்பு வழியாகத் தண்ணீர் வெளியேறும்.

மற்றபடி வீட்டில் சாமான் என்று பெரிதாக எதுவும் கிடையாது. தரைதான் சாமான். திண்ணை ஓரத்தில் தலை சாய்க்க ஒரு மேடு கட்டியிருப்பார்கள், அதுவே தலையணை. கூடத்தில் கோரைப்பாய் விரித்தால் அது படுக்கையறை, சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு இலை போட்டால் சாப்பாட்டு அறை, ஜமக்காளம் விரித்தால் கல்யாண மண்டபம். உட்கார மணை, ஏறிப் பொருள் எடுக்க முக்காலி, பூட்டி வைக்கத் தகரப் பெட்டி. ஊஞ்சலைக்கூடச் சங்கிலியிலிருந்து கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். ஒரே கூடம் நாளுக்கு நாலு வேஷம் போட்டது. இன்று இடம் மிச்சப்படுத்தும் மடக்குக் கட்டிலை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். பாயைச் சுருட்டி வைத்தவர்களுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்திருக்காது.

சுவரில் படம் மாட்டுவதிலும் ஒரு முறை இருந்தது. சாமி படங்களும் முன்னோர் புகைப்படங்களும் உயரத்தில், மேல்பக்கம் முன்னே சாய்ந்தபடி தொங்கும். கீழே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அந்தச் சாய்வு சரியாக இருக்கும். சுவரின் கீழ்ப்பாதியை மனிதர்களின் முதுகுக்கும் எண்ணெய்த் தலைக்கும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பகுதிக்கு மட்டும் கரும்பச்சையோ காவியோ அடித்தார்கள்.

யார் எங்கே உட்காருவது

இவ்வளவு சொன்னால் பழைய வீடு சொர்க்கம் என்று நான் சொல்வதாகத் தோன்றும். சொல்ல வந்தது அது இல்லை. அந்த வீட்டில் பாய் நகரும், மணை நகரும், ஊஞ்சல் நகரும். யார் எங்கே உட்காரலாம் என்பது மட்டும் பத்தாயத்தைப் போல நகரவே நகராது.

என் அப்பா ஒரு மிராசுதார் வீட்டில் கணக்குப்பிள்ளை. காரைக்காலுக்கு மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம். திண்ணையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சாய்ந்த மூடி போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் கணக்கு எழுதுவார். மிராசுதார் கூடத்து ஊஞ்சலில் இருப்பார். அப்பா கூடத்துக்குப் போனால் நிற்பார். திண்ணைக்கு வந்தால் உட்காருவார். பண்ணையாட்கள் திண்ணையிலும் ஏற மாட்டார்கள். வாசலிலேயே நிற்பார்கள், பல நேரம் வெயிலில். அவர்கள் அறுத்து, அடித்து, தூற்றிச் சுமந்து வந்த நெல்தான் உள்ளே பத்தாயத்தில் இருந்தது. கூலியும் அதிலிருந்தே மரக்காலில் அளந்து வரும். பத்தாயத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அது நிற்கும் அறை எப்படி இருக்கும் என்று தெரியாது.

எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் 'லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே' என்று இருந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். ஆனால் காரைக்கால் கிராமத்துத் திண்ணைக்கும் தஞ்சாவூர்க் கிராமத்துத் திண்ணைக்கும் ஒரு அங்குலம்கூட உயர வித்தியாசம் கிடையாது.

இருக்கைக்கும் மரியாதைக்கும் உள்ள இந்த முடிச்சு மிகப் பழையது. தமிழில் அரசுகட்டில் என்றால் சிம்மாசனம். மோசிகீரனார் என்ற புலவர் அசதியில் முரசு கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார்; அதில் படுத்தவனை வெட்ட வேண்டியது முறை; சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோ வெட்டாமல் விசிறி எடுத்து வீசினான் என்று புறநானூற்றில் ஒரு செய்தி உண்டு. பள்ளிகளில் இதை மன்னனின் தமிழ்ப்பற்றுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றும். ஒரு கட்டிலில் தெரியாமல் படுத்தவன் உயிரோடு எழுந்ததை இரண்டாயிரம் வருஷமாகப் பேசுகிறோம் என்றால், மற்ற நாட்களில் அந்தக் கட்டில் எப்படிப்பட்ட கட்டில்!

பிற மொழிகளிலும் இப்படித்தான். திவான் என்ற சொல் பாரசீகத்தில் முதலில் கணக்குப் புத்தகம். பிறகு கணக்கு பார்க்கும் அலுவலகம், அப்புறம் அதிகாரி, கடைசியில் அவர் சாய்ந்து உட்காரும் இருக்கை. சோபாவுக்கு மூலம் அரபு மொழி 'ஸுஃப்பா'. தரையைவிட உயர்த்திக் கட்டி விரிப்புப் போட்ட மேடை. அதாவது நம் திண்ணை!

1952-ல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபடி ஆளை வெளியேற்ற முடியாது என்றது. சட்டம் வந்தும் வாசலுக்கும் திண்ணைக்கும் நடுவில் இருந்த இரண்டு படி அப்படியே இருந்தது. நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு சிறு குடிசைக்குள் எரிந்து போனார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்தச் செய்தி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாயத்துக்குள் இறங்கி நெல் கூட்டிய பையன் நான். மரக்கால் நெல்லுக்கு என்ன விலை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள்ளும் வரிசை உண்டு. பெரியவர் ஊஞ்சலில் இருந்தால் மருமகள் கதவு நிலையோடு சரி. எனக்கு 1970-ல் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் பிரம்பு பின்னிய நாற்காலி இரண்டு வாங்கினேன். ஒன்றில் அப்பா உட்கார்ந்தார். மற்றதில் அம்மா துவைத்த துணிகளை மடித்து வைத்தாள். "உட்காரேன் அம்மா" என்றால் "எனக்கு என்னடா, கீழே உட்கார்ந்தால்தான் சௌகரியம்" என்பாள். அப்பா இருந்தவரைக்கும் அப்படியே. அவர் போன பிறகும் சில வருஷம் அப்படியே. மூட்டுவலி வந்து, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதும் நுனியில்தான்.

பத்தாயம் நகர்ந்த கதை

நாற்காலியும் கட்டிலும் கண்ணாடியும் நம் பக்கம் வந்தது பெரும்பாலும் கடல் வழியாக. பர்மாத் தேக்கு வந்தது. ரங்கூனில் சம்பாதித்தவர்கள் தஞ்சைப் பக்கத்திலும், சைகோனில் சம்பாதித்தவர்கள் காரைக்காலிலும் வீடு கட்டினார்கள். 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் மக்கள் நடந்தே திரும்பி வந்தார்கள். தேக்கு வருவதும் நின்றது. அந்தக் காலத்து வீட்டில் நாற்காலி விருந்தாளிக்கு. வருவாய் அதிகாரியோ தாசில்தாரோ வந்தால் தூசி தட்டி எடுத்துப் போடுவார்கள். அவர் போனதும் அது திரும்பக் காமரா உள்ளுக்குள் போய்விடும்.

பத்தாயத்தை யாரும் எதிர்க்கவில்லை. அது தானாகவே காலியாயிற்று. 1934-ல் மேட்டூர் அணை வந்ததும் தண்ணீர் ஒழுங்காகி விளைச்சல் கூடியது. 1960-களில் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகம் குறுவையில் ஊரெங்கும் பரவியது. அறுத்த நெல் அதிகம். அறுக்கும் நேரமோ மழை நேரம். ஈர நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினால் முளைத்துவிடும். களத்திலேயே விற்பது நல்லது என்று ஆயிற்று. நில உச்சவரம்பு 1961-ல் 30 தர ஏக்கர் என்றும், 1970-ல் 15 தர ஏக்கர் என்றும் குறைந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கியது; பின்னாளில் ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம் வந்தது. கூலியும் மெல்ல நெல்லிலிருந்து பணத்துக்கு மாறியது. நெல் வீட்டுக்குள் வருவதே நின்றுவிட்டது.

பணம் வைக்கப் பத்தாயம் வேண்டாம், பீரோ போதும். பம்பாயில் 1897-ல் பூட்டுச் செய்ய ஆரம்பித்த கோத்ரெஜ் 1923-லேயே இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்திருந்தது. நம் கிராமங்களில் அது கல்யாணச் சீர்வரிசையாக நுழைந்தது. பத்தாயம் நின்ற அறையில் பத்தாயத்தைப் பிரித்துப் பலகையைப் பரண் மேல் போட்டுவிட்டுக் கட்டிலும் பீரோவும் போட்டார்கள். அதற்குப் 'பெட்ரூம்' என்று பெயர் வந்தது. முற்றத்தின் மேல் முதலில் கம்பி வலை, பிறகு தகரம், கடைசியில் காங்கிரீட். மேலே போக வழியில்லாமல் வெப்பம் கூடத்திலேயே நின்றது; மின்விசிறி மாட்டினார்கள். மூட்டை போக வேண்டிய அவசியம் இல்லாததால் வாசலுக்கும் கொல்லைக்கும் இடையே சோபா வந்து படுத்துக்கொண்டது. 2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தபோது முற்றம் பார்த்து உட்கார்ந்திருந்த மிச்சப் பேரும் பெட்டியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

பரண் மேல் கிடந்த பலகைகளைத் தேடி வியாபாரிகள் வந்தார்கள். தூண், கதவு, ஊஞ்சல் பலகை, பத்தாயம் எல்லாம் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கும் அங்கிருந்து நகரத்து ஓட்டல்களுக்கும் போயின. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் தென்னாட்டின் பழைய வீடுகளைப் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், இல்லாவிட்டால் விறகாகப் போயிருக்கும். ஆனால் வீடே அசையும் பொருளாகிவிட்டதைப் பார்த்தால் நெப்போலியனின் வக்கீல்கள் குழம்பித்தான் போவார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியின் பெருமை

எல்லோரும் மட்டமாகப் பேசும் ஒரு பொருளுக்கு இங்கே நான் ஒரு வார்த்தை நல்லது சொல்ல வேண்டும். ஒரே வார்ப்பில் செய்யும் பிளாஸ்டிக் நாற்காலி. ஹென்றி மஸ்ஸோனே என்ற பிரெஞ்சுக்காரர் 1972-ல் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு நாற்காலியை வார்த்து எடுக்கும்படிச் செய்தார். நம்மூர் நுகர்பொருள் கழகம் தொடங்கிய அதே வருஷம்! உலகமெங்கும் அதன் பிரதிகள் பரவி, 1990-களில் நம் கிராமத்து வாடகைக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன.

அழகில்லை, வெயிலில் வெளுக்கும், காலம் போனால் கால் விரியும். எல்லாம் உண்மை. ஆனால் அது யாருக்கும் சொந்தமில்லாத நாற்காலி. எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா வேலை பார்த்த ஊரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். பழைய மிராசுதார் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் பரப்பியிருந்தார்கள். அப்பா காலத்துப் பண்ணையாள் ஒருவர், நல்ல வயோதிகர், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட வந்த பேரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு தாத்தா" என்றான், சாதாரணமாக. அவர் வீட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பாடப் புத்தகத்தில் நான் ஒப்பித்த மூன்று சொற்களில் நடுச்சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் விளக்கம் அதுதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. பந்தலில் உட்காரலாம், கூடத்தில் உட்காரலாமா என்ற கேள்வி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தாலும் பிரசங்கத்தாலும் அசையாதது ஓர் இரண்டு கிலோ நாற்காலியால் கொஞ்சம் அசைந்தது.

நாலு யோசனை

இனி நான் சொல்வதாகச் சொன்ன யோசனைகள். புது வீடு கட்டியவர்களுக்கும், அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

ஒன்று. வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் நேர்வழி இருந்தால் அதை அடைக்காதீர்கள். சோபாவைச் சுவரோரம் தள்ளுங்கள். பீரோவைச் சன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தாதீர்கள். மூட்டை வராவிட்டாலும் காற்று வரும்.

இரண்டு. எந்த மரச்சாமானையும் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். நம் மண்ணில் கறையான் சுவர் வழியாகத்தான் வரும். அடியில் விளக்குமாறு போகும் உயரத்துக்குக் கால் இருக்கட்டும். கூடத்தின் நடுவைக் காலியாக விடுங்கள். குழந்தைக்கும், விருந்துக்கும், சும்மா படுப்பதற்கும் அந்தத் தரை வேண்டும். நடுவில் வைக்கும் கண்ணாடி மேசை முழங்காலில் இடிப்பதைத் தவிர வேறு ஒரு வேலையும் செய்வதில்லை.

மூன்று. வயதானவரின் கட்டிலைக் கடைசி அறையில் போடாதீர்கள். வெளிச்சமும் நடமாட்டமும் தெரிகிற இடத்தில், முடிந்தால் சன்னலோரம் போடுங்கள். கைப்பிடி வைத்த, நிமிர்ந்த நாற்காலி ஒன்று அவருக்கென்று இருக்கட்டும். மெத்து மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். படங்களை அவர் உட்கார்ந்து பார்க்கும் உயரத்துக்கு மாட்டுங்கள். கடிகாரத்தையும்தான்.

நாலாவது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, தோட்ட வேலைக்கு வரும் பெரியவர், தண்ணீர் கேன் தூக்கி வரும் பையன், இவர்கள் காப்பி குடிக்கும்போது எங்கே உட்காருகிறார்கள் என்று ஒருநாள் கவனியுங்கள். வாசற்படியிலா, கொல்லைப்புறத் துவைகல்லிலா, நின்றுகொண்டேயா? எந்த டம்ளரில் குடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பத்தாயம் போய் ஐம்பது வருஷமாகிறது. அது நின்ற இடத்தில் ஒரு நாற்காலி போட இடமிருக்கும். அதை முதலில் போட்டுவிட்டு, சுவருக்கு என்ன நிறம் என்று அப்புறம் யோசிக்கலாம்.